கையில் வலி, கழுத்துக்குப் பட்டை

போன ஆண்டு ஆகஸ்ட் மாதம் என் வீட்டுக்காரர் தலை பின்னக் கற்றுக்கொண்டார். இருபத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் என் சீப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனிதர். என் இடது கை காதுக்கு மேலே போக மறுத்ததால் வேறு வழியில்லாமல் சீப்பை எடுத்தார். முதல் வாரம் பின்னல் தேங்காய் நார்க் கயிறு மாதிரி இருந்தது. கும்பகோணத்தில் தபால் நிலையக் கவுண்டரில் உட்காரும் வேலை எனக்கு. "என்ன மேடம், புது ஸ்டைலா?" என்று கேட்டவர்கள் உண்டு. சிரித்துக்கொண்டே பாஸ்புக்கை வாங்குவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அழுவேன்.

தொடங்கியது மார்ச்சில். இடது புஜத்தில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், வெளிப்பக்கம் ஒரு மந்தமான வலி. பகலில் பரவாயில்லை, ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் தூக்கிவாரிப் போடும். எனக்கு வயது 52, பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கை மரத்துப் போகுதா?" சில ராத்திரி விரல் நுனியில் ஊசி குத்துவது போல இருக்கும், அதனால் "ஆமா" என்றேன். கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்துவிட்டார். என் தப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளாடைக் கொக்கியைப் பின்னால் கை கொண்டுபோய்ப் போட முடியவில்லை என்பதுதான் அப்போது எனக்கிருந்த பெரிய தொந்தரவு. ஆண் டாக்டர், பக்கத்தில் கம்பவுண்டர், எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிட்டேன். அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் கதை வேறு பக்கம் போயிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். வலியோடு வைத்தியரைப் பார்க்கப் போகிறவர்கள் முந்தின நாளே ஒரு துண்டுச் சீட்டில் "என்னால் செய்ய முடியாதவை" என்று மூன்று விஷயம் எழுதிக் கொண்டுபோங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டை நீட்டிவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. 7,500 ரூபாய். சி5, சி6 என்ற கழுத்து எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. "கழுத்து எலும்பு தேய்மானம்மா, நரம்பை அழுத்துது" என்றார் டாக்டர். தேய்மானம் என்ற வார்த்தையைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும் அதன் கனம். ஏதோ செருப்பு அடி தேய்ந்து போனாற்போல, இனி மாற்ற முடியாது என்கிற மாதிரி மனது உட்கார்ந்துவிடும். தலையைத் திருப்பவே பயந்தேன். 450 ரூபாய்க்குக் கழுத்துப் பட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன். கழுத்துக்கென்றே செய்த தலையணை என்று 1,800 ரூபாய்க்கு ஒன்று. ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரின் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்ததாக 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. இருபதுகளில் இருப்பவர்களிலேயே முக்கால்வாசிப் பேருக்கு இருந்திருக்கிறது. இது எனக்குத் தெரிய வந்தபோது பட்டை பரணுக்குப் போய்விட்டிருந்தது. ஸ்கேன் பொய் சொல்லாதுதான். ஆனால் அதில் தெரிவதுதான் வலிக்குக் காரணமா என்பதைத் தொட்டுப் பார்த்து, அசைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதை யாரும் செய்யவில்லை.

டாக்டரின் சீட்டில் "கழுத்து டிராக்‌ஷன், ஐ.எஃப்.டி., 10 நாள்" என்று இருந்தது, அதாவது கழுத்தை இழுத்துவிடுவதும் லேசாகக் கரன்ட் வைப்பதும். அதை எடுத்துக்கொண்டு ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். பத்து நாள் இருபத்திரண்டு நாளாக நீண்டது. ஒரு நாளைக்கு 350. திரை போட்ட கட்டில், ஈரத் துணியில் சுற்றிய பட்டைகளைக் கழுத்தில் வைத்து இயந்திரத்தைத் திருகிவிட்டு ஒரு பையன் போய்விடுவான். எறும்பு ஊர்வது மாதிரி குறுகுறுக்கும். பதினைந்து நிமிடத்தில் டிங் என்று மணி அடிக்கும், அடுத்து தாடையில் வாரைக் கட்டி இழுக்கும் இயந்திரம். ஒரே நேரத்தில் ஏழு, எட்டுப் பேர். பாவம், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, சீட்டில் எழுதியிருப்பதைச் செய்தார்கள். ஆனால் அந்த இருபத்திரண்டு நாளில் ஒருவர்கூட "கையைத் தூக்குங்க பார்ப்போம்" என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஏனென்றால் நம் ஊரில் பிசியோ என்றால் கரன்ட் வைப்பது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். "நல்லா கரன்ட் வச்சாங்களா?" என்று என் நாத்தனார் போனில் விசாரிப்பார்.

ஜூனில் யாரோ சொன்னார்கள் என்று பதினான்கு நாள் எண்ணெய் தேய்த்து ஒத்தடம், 5,600 ரூபாய். உடம்புக்குச் சுகமாக இருந்தது, கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் கை நன்றாகவே இறுகிவிட்டது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாது. ரவிக்கையில் கையை நுழைக்கவே ஐந்து நிமிடம்.

ஜூலையில் போன இரண்டாவது நிலையத்தில், உள்ளே நுழைந்த உடனேயே ஒருவர் என் கையைத் தூக்கிப் பார்த்தார். "இது கழுத்தே இல்லம்மா. ஃப்ரோசன் ஷோல்டர், தோள் மூட்டு இறுகிக்கற நோய். விட்டா அப்படியே ஒட்டிக்கும்." எனக்கு அப்பாடா என்றிருந்தது. இருபது சிட்டிங் பேக்கேஜ் 9,000 ரூபாய், முன்பணமாகவே கட்டச் சொன்னார்கள். கட்டினேன். அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் பல் கூசுகிறது. படுக்க வைத்து, தோளை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மறு கையால் என் கையைத் தலைக்கு மேலே தள்ளுவார். "கத்துங்க, கத்தினா பரவாயில்ல, அப்பத்தான் உடையும்." வீட்டுக்கு வந்தால் இரண்டு ராத்திரி தூக்கம் கிடையாது. எட்டு நாள் தாங்கினேன். கை முன்பைவிட மோசமானது. மீதிப் பன்னிரண்டு சிட்டிங்குக்கான பணம் திரும்ப வரவில்லை. பேக்கேஜ் கட்டாதீர்கள் என்று இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

விசித்திரம் என்னவென்றால், அவர் சொன்ன நோயின் பெயர் சரி. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் வைத்தியம் செய்ததுதான் தப்பு. இந்த நோய்க்கு உறையும் காலம், உறைந்த காலம், இளகும் காலம் என்று மூன்று கட்டம் சொல்கிறார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் கட்டத்தில் வலிதான் ராஜா, அப்போது முரட்டுத்தனமாக இழுத்தால் அது சீறும். 2004இல் நெதர்லாந்தில் 77 நோயாளிகளை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், வலி அனுமதிக்கும் அளவுக்குள் அசைத்தவர்கள், வலியை மீறி இழுத்துப் பயிற்சி செய்தவர்களைவிட நன்றாகவே தேறியிருக்கிறார்கள். போஸ்டன் அறுவை மருத்துவர் காட்மேன் 1934இலேயே ஃப்ரோசன் ஷோல்டர் என்று பெயர் வைத்து, இதை வரையறுப்பதும் கஷ்டம், குணப்படுத்துவதும் கஷ்டம், விளக்குவதும் கஷ்டம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நம் டாக்டர்கள் சிலர் இன்னும் பெரி ஆர்த்ரைட்டிஸ் என்ற பழைய பெயரையே சீட்டில் எழுதுகிறார்கள். பெரும்பாலும் இதே நோயைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், குழம்ப வேண்டாம்.

செப்டம்பர் கடைசியில், மாதாந்திர வட்டி வாங்க வரும் ஒரு பெரியவர் என் கையைப் பார்த்துவிட்டு ஒரு பிசியோவைப் பற்றிச் சொன்னார். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், வீட்டு முன் அறையில் வைத்துப் பார்க்கிறார். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் ஒரு கண்ணாடி. இயந்திரம் என்று ஒன்றைக்கூடக் காணோம். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. எம்.ஆர்.ஐ. கவரை நீட்டினேன். "அது கடைசியில பார்க்கலாம்மா, முதல்ல நீங்க சொல்லுங்க" என்று மேசை ஓரத்தில் வைத்துவிட்டார்.

அதன் பிறகு நாற்பது நிமிடம் கேள்விதான். வலியை ஒரு விரலால் காட்டச் சொன்னார். என்னால் விரலால் காட்ட முடியவில்லை, புஜத்தை உள்ளங்கையால் பொத்திக் காட்டினேன். அதைக் குறித்துக்கொண்டார். தோள் மூட்டில் கிளம்பும் வலி பெரும்பாலும் புஜத்தில்தான் தெரியுமாம். எந்த விரலில் ஊசி குத்துகிறது என்று கேட்டார். கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல். ராத்திரி மட்டும், கையை உதறினால் போய்விடும் என்றேன். "அது மணிக்கட்டுல நரம்பு அமுங்குறதா இருக்கலாம், சர்க்கரை இருக்கறவங்களுக்கு வரும். அது தனிக் கணக்கு, இதோட சேர்க்க வேண்டாம்." முதல் டாக்டரிடம் நான் சொன்ன அந்த "ஆமா" எதற்கானது என்று ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

மாடிப்படி ஏறினால் கை வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, வேர்க்கிறதா என்று கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. "இடது கை, சர்க்கரை, இந்த வயசு. கேட்காம விடக் கூடாதும்மா" என்றார். இல்லை என்றேன். எடை குறைந்ததா, காய்ச்சல் உண்டா, கீழே விழுந்தீர்களா, முன்பு கட்டி ஏதாவது இருந்ததா என்றும் கேட்டார். இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால், தன் கையால் தொடாமல் நேரே டாக்டரிடம் அனுப்பியிருப்பாராம். முந்தைய இரண்டு இடங்களிலும் இவற்றில் ஒரு கேள்வியைக்கூட யாரும் கேட்கவில்லை.

பிறகு கேட்டதுதான் எனக்குப் புதிது. "அவசரத்துல கையை நீட்டிடறீங்க, சுரீர்னு வலிக்குது. அது அடங்க எவ்வளவு நேரமாகும்?" நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. கிச்சன் அலமாரியில் இருந்து தவறி விழப்போன டப்பாவைப் பிடித்த நாளை நினைத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஒரு நொடி அசைவுக்கு அரை மணி நேர வலின்னா, மூட்டு இன்னும் கோபமா இருக்கு. இப்ப இழுக்கக் கூடாது." முந்தைய இடத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறது, அடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை வைத்துத்தான் பயிற்சியின் அளவை முடிவு செய்கிறார்கள். நீங்களே இதைக் கவனித்துப் போய்ச் சொன்னால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

கடைசியில் தொட்டுப் பார்த்தார். கழுத்தை நாலா பக்கமும் திருப்பச் சொன்னார். தலையைச் சாய்த்து மேலிருந்து மெல்ல அழுத்தினார். கைக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்து, இரண்டு முழங்கையையும் இடுப்போடு ஒட்டி, தட்டு ஏந்துவது போல மடக்கி, கைகளை வெளிப்பக்கம் விரிக்கச் சொன்னார். வலது கை கதவு திறப்பது போலப் போனது. இடது கை கொஞ்சம் போய் நின்றுவிட்டது, தாழ்ப்பாள் போட்ட கதவு மாதிரி. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்கே ஆச்சரியம். பிறகு என்னைத் தளர விடச் சொல்லி, அவரே என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். அதே இடத்தில் நின்றது. "தசையோ தசைநாரோ பலமில்லாம இருந்தா, உங்களால முடியாட்டியும் என்னால விரிக்க முடியணும். ரெண்டு பேராலயும் முடியலன்னா மூட்டைச் சுத்தியிருக்கற உறை இறுகியிருக்கணும், இல்ல மூட்டே தேய்ஞ்சிருக்கணும். எக்ஸ்ரே எடுத்தா ரெண்டாவதைத் தள்ளிடலாம்." எக்ஸ்ரே 400 ரூபாய், மூட்டு நன்றாக இருந்தது. 7,500 ரூபாய் ஸ்கேன் எடுக்கும் முன் யாராவது இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்திருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன், "கரன்ட் வைக்கல, கையையும் இழுக்கல, பேசினதுக்கு முதல் நாள் கட்டணம் 500 ரூபாய்!" உண்மையைச் சொன்னால் அடுத்த தடவை போகிற எண்ணமே இல்லை. ஆனால் கிளம்பும்போது அந்த பிசியோ பெண் சொன்ன ஒன்று மனதில் நின்றது. "இது என்னோட ஊகம்தாம்மா. வலி குறையற மாதிரி செஞ்சும் மூணு வாரத்துல ராத்திரித் தூக்கம் மாறலைன்னா நான் நினைச்சது தப்புன்னு அர்த்தம், அப்ப திரும்ப முதல்ல இருந்து யோசிப்போம்." தன் கணிப்பு தப்பாக இருக்கலாம் என்று சொன்ன வைத்தியரை நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்காகத்தான் திரும்பப் போனேன்.

சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி என்ன என்று கேட்டிருந்தார். பரிசோதித்தால் 9.1 சதவீதம், அதிகம்தான். சர்க்கரைக்காரர்களுக்கு இந்தத் தோள் இறுக்கம் மற்றவர்களைவிட அதிகம் வரும், இளகவும் நாளாகும் என்பது பத்து வருடமாக மாத்திரை சாப்பிடும் எனக்குத் தெரியாது. வலி உச்சத்தில் இருந்ததால் ஒரு டாக்டரிடம் அனுப்பி மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட வைத்தார், 1,800 ரூபாய். முன்கூட்டியே சொல்லியிருந்தார், சில நாள் சர்க்கரை ஏறும் என்று. ஏறியது, இரண்டாம் நாள் வெறும் வயிற்றில் 260. சர்க்கரை டாக்டரிடமும் முன்பே சொல்லி வைத்திருந்ததால் பதறவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் இந்த ஊசிக்கு முன் இரண்டு டாக்டருக்கும் தெரியப்படுத்திவிடுங்கள், யாராவது ஒருவர் சொல்லிக்கொள்வார் என்று இருக்காதீர்கள்.

மூன்றாவது வாரம் ராத்திரி முழுக்கத் தூங்கினேன். அதன் பிறகு சின்னச் சின்னப் பயிற்சிகள். சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து, அதன் மேல் கையை வைத்து முன்னால் நகர்த்துவது. குடையை இரண்டு கையாலும் பிடித்து, வலது கையால் இடது கையை வெளியே தள்ளுவது. ஒரே விதிதான்: பயிற்சிக்குப் பிறகு வரும் வலி அரை மணி நேரத்தில் அடங்க வேண்டும், அன்று ராத்திரித் தூக்கம் கெடக் கூடாது. கெட்டால் மறுநாள் பாதி. பூஜை அறைக் கதவு நிலையில், பிள்ளைகளுக்கு உயரம் குறிப்போமே, அது மாதிரி கை எட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொன்னார். ஒவ்வொரு முறை போகும்போதும் அவரும் அதே மூன்று அசைவை அளப்பார், பயிற்சிக்கு முன்பும் பின்பும்.

நவம்பரில் ஒரு சறுக்கல். நன்றாகப் போகிறதே என்று பயிற்சியைக் கூட்டினார். மூன்றாம் நாள் ராத்திரி வலி திரும்பிவிட்டது. நான் திட்டு வாங்கப் போகிறேன் என்று நினைத்துப் போனால், அவர் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் அவசரப்பட்டுட்டேன்மா" என்றார். இரண்டு வாரம் பின்னால் போய், மெதுவாக ஏறினோம். இதே சமயத்தில் தஞ்சாவூரில் காட்டிய ஒரு டாக்டர், மயக்க மருந்து கொடுத்து இறுக்கத்தை உடைத்துவிடலாம் என்றார். சென்னையில் இருக்கும் என் மகள் தேடிப் பார்த்து, பிரிட்டனில் 503 பேரை வைத்துச் செய்து 2020இல் வெளியான சோதனையைச் சொன்னாள். மயக்கத்தில் அசைத்து விடுவது, துளை வழி அறுவை, ஊசியோடு முறையான பிசியோ ஆகிய மூன்றில் எதுவும் மற்றதைவிடத் தெளிவாக மேலானதாக இல்லையாம். நான் மூன்றாவதில்தான் இருந்தேன், அதிலேயே இருந்துவிட்டேன்.

கணக்குப் பார்த்தேன். மார்ச் முதல் செப்டம்பர் வரை டாக்டர் பீஸ், மாத்திரை 5,200 உட்பட 37,250 ரூபாய், பதினேழு நாள் விடுப்பு. அதன் பிறகு ஏழு மாதத்தில் பதினான்கு முறை பிசியோ, ஊசி, எக்ஸ்ரே, மணிக்கட்டுக்கு ராத்திரி கட்டும் பட்டை எல்லாம் சேர்த்து 8,250. இந்தக் கணக்கில் முந்தின ஏழு மாதத் தூக்கம் சேரவில்லை.

இயந்திரங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சிலருக்கு இதமாக இருக்கும். ஆனால் அடுத்த முறை எந்த பிசியோவிடம் போனாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன்: எங்கிருந்து வலி வருகிறது என்று நினைக்கிறீர்கள், எதை வைத்து அப்படி நினைக்கிறீர்கள், உங்கள் கணிப்பு தப்பென்றால் எத்தனை நாளில் தெரியும்? கோபித்துக்கொண்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவேன். பதில் சொல்கிறவர் வயதில் சின்னவராக இருந்தாலும், அறையில் ஒரு நாற்காலிதான் இருந்தாலும் உட்கார்ந்துவிடுவேன்.

இப்போது தலையை நானே பின்னிக்கொள்கிறேன். உள்ளாடைக் கொக்கி மட்டும் இன்னும் பின்னால் எட்டவில்லை, முன்பக்கம் போட்டுத் திருப்பிக்கொள்கிறேன். கழுத்துக்கு வாங்கிய 1,800 ரூபாய்த் தலையணையை ராத்திரி இடது கைக்கு அடியில் முட்டுக் கொடுக்கிறேன், அதற்குக் கச்சிதமாகத்தான் இருக்கிறது. இந்த நோய் சிலருக்கு மறு தோளிலும் வருமாம். போன வாரம் வலது புஜத்தில் லேசாக ஒரு வலி. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, விளக்கைப் போட்டு, கண்ணாடி முன் நின்று, முழங்கையை இடுப்போடு ஒட்டிக் கையை மெல்ல வெளியே விரித்தேன். முழுசாகப் போனது. "என்ன பண்றே?" என்றார் வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில். ஒன்றுமில்லை, படுங்கள் என்றேன்.